முதலில் எழுது, அப்புறம் அடுக்கு: டைரி மென்பொருள்களின் தொடக்க காலம்

செல்போனில் இன்றைக்குக் காலண்டர், தொடர்பு எண்கள், குறிப்புகள், செய்ய வேண்டிய வேலைகள் என்று தனித்தனியாகச் செயலிகள் இருக்கின்றன. செல்போன் வருவதற்கு முன்னால் இந்த வேலைகளுக்குக் கணினியில் என்ன இருந்தது, யார் செய்தார்கள், அவற்றில் பல ஏன் காணாமல் போயின என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகை மென்பொருளுக்கு ‘பர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர்’ என்று பெயர்; சுருக்கமாக ‘பிம்’. யாரை எப்போது பார்க்க வேண்டும், யாருடைய எண் என்ன, எதை மறக்கக்கூடாது என்பது போன்ற துண்டுத் தகவல்களை ஒரு ஆள் தனக்காக வைத்துக்கொள்வதற்கான மென்பொருள்.

இந்த வரலாற்றை நான் பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒரு விஷயம் தோன்றியவுடன் எழுதி வைக்க வேண்டும், சரி. எங்கே எழுதுவது? டைரியிலா, முகவரிப் புத்தகத்திலா, வேலைப் பட்டியலிலா? எழுதுகிற நொடியிலேயே அதைச் சொல்லிவிடு என்று கேட்ட மென்பொருள்கள் ஒரு பக்கம். முதலில் எழுது, இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை இன்னொரு பக்கம். சந்தையில் ஜெயித்தது முதல் பக்கம். இரண்டாவது பக்கம்தான் சரி என்பது என் கருத்து.

1980களின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது ஐபிஎம் பிசியில் இருந்த டாஸ் என்ற இயங்குதளம், ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் ஓட்டும். வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து நிரலில் கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள், போன் வருகிறது, யாரோ ஒரு எண் சொல்கிறார்கள் என்று வையுங்கள். அதைக் கணினியில் ஏற்ற வேண்டுமானால் கடிதத்தைச் சேமித்து, வேர்ட்ஸ்டாரை மூடி, வேறு நிரலை ஃபிளாப்பியிலிருந்து ஏற்றி, எண்ணை எழுதி, அதை மூடி, மறுபடி வேர்ட்ஸ்டாரைத் திறக்க வேண்டும். அதற்குள் போன் பேசியவர் வைத்துவிட்டுப் போயிருப்பார். அதனால் எல்லோரும் பக்கத்தில் கிடந்த காகிதத்தில் கிறுக்கிக்கொண்டார்கள்.

இதை உடைத்தது ‘சைட்கிக்’. கலிஃபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் இருந்த போர்லாண்ட் நிறுவனம் 1984 வாக்கில் கொண்டு வந்தது. அதன் தலைவர் ஃபிலிப் கான், பிரான்சிலிருந்து வந்த கணித ஆசிரியர். நிரல் எழுத உதவும் டர்போ பாஸ்கலை மலிவு விலையில் விற்றுப் பெயர் வாங்கிய கையோடு இதையும் அதே பாணியில் இறக்கினார். எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், திரையின் மேல் ஒரு சிறு பெட்டி வந்து உட்காரும். அதில் குறிப்புப் பலகை, கால்குலேட்டர், காலண்டர், போன் புத்தகம், நிரல் எழுதுகிறவர்களுக்கு எழுத்துகளின் எண்களைக் காட்டும் ஆஸ்கி அட்டவணை. மோடம் இருந்தால் திரையில் தெரியும் எண்ணைத் தானே எடுத்து டயல் செய்யும். வேலை முடிந்து மூடினால், கடிதம் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

இது எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. டாஸில் ஒரு நிரல் முடியும்போது ‘நான் முடித்துவிட்டேன், ஆனால் என் இடத்தை யாருக்கும் கொடுக்காதே’ என்று சொல்ல ஒரு வழி இருந்தது. டெர்மினேட் அண்ட் ஸ்டே ரெசிடென்ட், டிஎஸ்ஆர் என்பார்கள். சைட்கிக் அப்படி நினைவகத்தில் தங்கிக்கொண்டு, விசை அழுத்தியதும் கீபோர்டிலிருந்து வரும் சைகையைத் தன் வழியாகத் திருப்பி விட்டுக்கொள்ளும். நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் முதலில் அதன் கையைத் தொட்டுவிட்டுத்தான் வேர்ட்ஸ்டாருக்குப் போகும். தனக்கான விசைகள் வந்தால் மட்டும் திரையில் தான் உட்காரப்போகும் பகுதியைப் பத்திரப்படுத்திவிட்டு மேலே வரும்.

ஆனால் டாஸ் இதற்காகக் கட்டப்பட்டதல்ல. அது ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் பாதி வழியில் இன்னொருவர் வந்து இன்னொரு கோப்பை எழுதச் சொன்னால் குழம்பிவிடும். டாஸ் இப்போது வேலையில் இருக்கிறதா என்று சொல்லும் ஒரு கொடி உள்ளே இருந்தது. அது எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயம். டிஎஸ்ஆர் எழுதியவர்கள் டாஸின் உள்ளே துழாவித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இப்படி இரண்டு மூன்று நிரல்கள் ஒன்றாகத் தங்கினால் ஒன்றின் கையை ஒன்று தட்டிவிடும். சைட்கிக்கைக் கடைசியில்தான் ஏற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பயனர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. 640 கிலோபைட் நினைவகத்தில் இதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டு மக்கள் அதை வாங்கினார்கள் என்றால், எண்ணம் தோன்றிய நொடியில் கைக்கு எட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அதற்குள் இருந்த காலண்டரும் குறிப்புப் பலகையும் மிகச் சாதாரணமானவை. விற்றது அந்த இரண்டு விசைகள்.

அதே 1984ல் லண்டனில் சயான் நிறுவனம் ‘ஆர்கனைசர்’ என்ற கையடக்கக் கருவியைக் கொண்டு வந்தது. ஒரே ஒரு வரி திரை, 16 எழுத்துகள். பெயர், எண், முகவரி எதையும் பிரித்துக் கேட்காது. எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும். தேடும்போது நினைவில் இருக்கும் நாலு எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்துகள் எங்கெல்லாம் வருகின்றனவோ அவற்றைக் காட்டும். தகவல்கள் ஈப்ராம் சில்லு வைத்த டேட்டாபேக் என்ற சின்னப் பெட்டியில் ஏறும். அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. பேக் நிரம்பிவிட்டால் கழற்றிப் புறஊதா விளக்கின் கீழ் வைத்து மொத்தமாக அழித்துத்தான் மறுபடி பயன்படுத்த முடியும். 1986ல் வந்த இரண்டாம் ஆர்கனைசர் இன்னும் நன்றாக விற்றது.

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன். மிட்ச் கேப்பர். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளால் அவரும் நிறுவனமும் சீக்கிரமே பெரிய நிலைக்கு வந்தார்கள். நிறுவனம் வளர வளர அவர் மேசையில் துண்டுச் சீட்டுகளும் வளர்ந்தன. எண்களுக்கு விரிதாள் இருக்கிறது, இந்தச் சீட்டுகளுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘அஜெண்டா’. அவருடன் வேலை செய்தவர்கள் ஜெர்ரி கப்லானும் எட் பெலோவும். கப்லான், மனித மொழியைக் கணினிக்குப் புரிய வைப்பதில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கேப்பர் 1986ல் லோட்டஸை விட்டு விலகினார். அஜெண்டா 1988ல் வெளிவந்தது. ‘சொற்களுக்கான விரிதாள்’ என்று அதைச் சொன்னார்கள். அதை உருவாக்கியவர்கள் 1990ல் ஒரு கணினி அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர்’ என்ற பெயர் இருந்தது.

மளிகைக் கடைகளில் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வந்த சீட்டு குத்தப்படும், அவ்வளவுதான். வகை பிரிப்பது பின்னால். அஜெண்டாவைத் திறந்தால் அந்தக் கம்பிதான். ஒரு வரி தட்டுகிறீர்கள். அது ஒரு ‘ஐட்டம்’. வேண்டுமானால் அதன் பின்னால் நீளமாக ஒரு குறிப்பை ஒட்டிக்கொள்ளலாம். பெயருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம் என்று எந்தப் படிவமும் கிடையாது.

‘அடுத்த செவ்வாய் ஃபிரெட்டைக் கூப்பிட்டு பட்ஜெட் பற்றிக் கேள்’ என்று ஆங்கிலத்தில் தட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஃபிரெட் என்ற வகை ஏற்கெனவே இருந்தால் இந்த வரி அதில் தானாகச் சேரும். பட்ஜெட் என்ற வகை இருந்தால் அதிலும் சேரும். ‘அடுத்த செவ்வாய்’ என்ன தேதி என்று அதுவே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். ஒரே வரி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. ஆனால் அவை மூன்று நகல்கள் இல்லை. ஃபிரெட் என்ற பார்வையில் திருத்தினால் பட்ஜெட் பார்வையிலும் திருத்தம் தெரியும். காகிதத்தால் முடியாத காரியம் இது. ஒரு சீட்டை ஒரு கம்பியில்தான் குத்த முடியும்.

இன்னும் உண்டு. வகைகளுக்குள் வகைகள் வைக்கலாம். குழந்தை வகையில் சேர்ந்தது தாய் வகையிலும் சேர்ந்ததாகக் கொள்ளும். ‘அவசரம்’, ‘சாதாரணம்’ இரண்டில் ஒன்றில்தான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். இந்த வகையில் வந்தால் அந்த வகையிலும் சேர் என்று நிபந்தனை போடலாம். அப்புறம் ‘பார்வை’ என்று ஒன்று: எந்த வகைகளைத் தலைப்பாகவும் எவற்றை நெடுவரிசையாகவும் காட்டுவது என்று நீங்கள் சொல்ல, அதே வரிகளை அது வேறு வேறு விதமாக அடுக்கிக் காட்டும். ஆள்வாரியாக ஒரு பார்வை, வாரவாரியாக ஒன்று, வேலைவாரியாக ஒன்று. ஒரு நெடுவரிசையில் பெயரைத் தட்டினால் அந்த வரி அந்த வகைக்குப் போய்விடும். வரிகளை எழுதிக் குவித்து, ஒரு மாதம் கழித்து அவற்றுக்குள் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப வகைகளைச் செய்துகொள்ளலாம். ஒழுங்கு உங்கள் வேலைக்குள்ளிருந்து வருகிறது. மென்பொருள் செய்தவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்ததில்லை. இதைத்தான் நான் மிகப் பெரிய யோசனை என்று சொல்கிறேன்.

பிறகு ஏன் தோற்றது? விலை கிட்டத்தட்ட 400 டாலர். சைட்கிக்கைப் போலப் பல மடங்கு. ஆனால் விலையை விடப் பெரிய சிக்கல், திறந்தவுடன் வெறும் திரை. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. வகை, நிபந்தனை, பார்வை எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொள்ள ஒரு வாரமாவது உட்கார வேண்டும். உட்கார்ந்தவர்கள் அதை விட்டு வெளியே வரவே இல்லை. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கணினி மாறி மாறியும் அதை டாஸ் ஜன்னலில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபேலோஸ் அதைப் புகழ்ந்து எழுதியவர்களில் ஒருவர். ஆனால் கடையில் நின்று இரண்டு நிமிடத்தில் வாங்கலாமா என்று முடிவு செய்கிறவருக்கு அதைக் காட்ட முடியாது. 1990ல் இரண்டாம் பதிப்பு வந்தது. விண்டோஸ் வந்த பிறகு லோட்டஸ் அதை விண்டோஸுக்கு மாற்றி எழுதவில்லை.

அதற்குப் பதிலாக லோட்டஸ் என்ன செய்தது தெரியுமா? பிரிட்டனில் த்ரெட்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்திருந்த ஒரு மென்பொருளை வாங்கி, 1990களின் தொடக்கத்தில் ‘லோட்டஸ் ஆர்கனைசர்’ என்று வெளியிட்டது. திரையில் ஒரு டைரி திறந்து கிடக்கும். ஓரத்தில் வண்ண வண்ணத் தாவல்கள். தேதியைச் சொடுக்கினால் பக்கம் புரளும். எதையாவது குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடித்து எரியும். 1980களில் ஃபைலோஃபாக்ஸ் என்ற வளையம் போட்ட தோல் டைரியைக் கையில் வைத்துக்கொள்வது லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு அந்தஸ்து. அதை அப்படியே திரைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். யாருக்கும் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமோகமாக விற்றது. அழகான, கச்சிதமான மென்பொருள்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காகிதத்தின் எல்லா எல்லைகளையும் அது சேர்த்தே கொண்டு வந்தது. எழுதுவதற்கு முன்னால் எந்தத் தாவல் என்று நீங்கள் சொல்லியாக வேண்டும்.

விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ‘ஆக்ட்’ என்று ஒன்று 1987லேயே டல்லஸில் பிறந்திருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் எப்போது என்ன பேசினோம் என்பதை அந்த ஆளின் பெயரோடு கட்டி வைக்கும் முறை அதிலிருந்துதான் பரவியது. வாடிக்கையாளர் உறவைப் பார்த்துக்கொள்ளும் இன்றைய சிஆர்எம் மென்பொருள்களின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

அஜெண்டாவின் உண்மையான வாரிசு ‘எக்கோ’. அரபெஸ்க் என்ற நிறுவனம் 1993ல் விண்டோஸுக்காக வெளியிட்டது. உள்தள்ளி உள்தள்ளி எழுதும் குறிப்புகள், ஒரே வரி பல கோப்புறைகளில் இருப்பது, அதே வரி காலண்டரிலும் தெரிவது எல்லாம் அதில் இருந்தன. அஜெண்டாவை விடப் பழகுவதும் எளிது. அடுத்த வருடமே நெட்மேனேஜ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. 1997ல் மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் தொகுப்போடு அவுட்லுக்கைச் சேர்த்துக் கொடுத்தது. மெயில், காலண்டர், தொடர்புகள், வேலைகள் எல்லாம் தொகுப்பிலேயே வந்துவிட்டால் தனியாக ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதே வருடம் எக்கோவை நிறுத்திவிட்டார்கள். ஒரு நல்ல மென்பொருள் தன் தரத்தில் குறையில்லாமல் செத்துப்போனதற்கு இதை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு இது இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இதற்கு நடுவில் கையடக்கக் கருவிகளின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1990களில் பட்டன்கள் போட்ட கை டைரிகள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைத்தன. என்னிடமும் ஒன்று இருந்தது. பேட்டரி மாற்றும்போது 200 எண்களுக்கு மேல் ஒரே நிமிடத்தில் போய்விட்டன; அவற்றில் சில இன்று வரை திரும்பக் கிடைக்கவில்லை. பேனா பிடித்து எழுதும் கணினி என்ற யோசனைக்கும் அஜெண்டாவே ஒரு வகையில் காரணம். 1987ல் விமானத்தில் போகும்போது கேப்பர் தன் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாராம். நேரடியாகத் திரையிலேயே எழுதிவிட்டால் என்ன என்று அவரும் கப்லானும் பேசிக்கொண்டதிலிருந்துதான் கப்லானின் ‘கோ’ நிறுவனம் பிறந்தது. அது தேறவில்லை. 1993ல் வந்த ஆப்பிளின் நியூட்டனும் கையெழுத்தைப் புரிந்துகொள்வதில் தடுமாறி நின்றது.

ஜெயித்தது 1996ல் வந்த ‘பைலட்’. பாம் நிறுவனத்தின் ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி செய்வதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். கூட்டத்தில் யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்து பார்ப்பார். பைக்குள் நிற்குமா, எடுக்க எவ்வளவு நேரமாகும், எத்தனை தட்டில் வேலை முடியும் என்பதையெல்லாம் அந்தக் கட்டையிலேயே கணக்குப் போட்டார். வெளிவந்த கருவியில் கீழே நாலு பட்டன்கள்: நாட்குறிப்பு, முகவரி, வேலைகள், குறிப்புகள். இன்றைய செல்போனில் நீங்கள் பார்க்கும் அதே நான்கு.

பாமின் பெரிய சாதனை ‘ஹாட்சிங்க்’ என்பேன். கணினியோடு இணைத்த தொட்டில் போன்ற தாங்கியில் வைத்து ஒரு பட்டனை அழுத்தினால் கருவியும் கணினியும் ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண்ணும், கடைசியாகச் சரிபார்த்த பிறகு மாறியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு குறியும் உண்டு. மாறியவை மட்டும் போய் வரும். ஒரே பதிவு இரண்டு பக்கமும் வேறு வேறாக மாறியிருந்தால் எதையும் அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும். பேட்டரியோடு எண்களைப் பறிகொடுத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாமில் ஒரு பதிவு ஒரே ஒரு வகையில்தான் இருக்க முடியும், மொத்தம் 16 வகைகளுக்கு மேல் கிடையாது. அஜெண்டா எட்டு வருடங்களுக்கு முன்னால் தாண்டிப் போயிருந்த இடத்துக்குப் பின்னால் வந்து நின்றார்கள். வேகத்துக்காகவும் எளிமைக்காகவும் கொடுத்த விலை அது.

அந்தக் காலம் நமக்கு விட்டுப்போன இன்னொரு சொத்து, ஒருவரின் பெயர், எண், முகவரியை ஒரு கோப்பாக எழுதும் பொது வடிவமான விகார்டு. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் நான்கும் சேர்ந்த வெர்சிட் என்ற கூட்டமைப்பு 1990களின் நடுவில் செய்தது. காலண்டருக்கான ஐகேலண்டர் 1998ல் இணையத் தரமாக வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் லோட்டஸ்காரர், மற்றவர் மைக்ரோசாஃப்ட்காரர். இன்றைக்கும் ஒருவருக்கொருவர் தொடர்பு எண்ணை அனுப்புவது விகார்டு வடிவில்தான். அதில் பெயரைக் குடும்பப்பெயர், இட்டபெயர் என்று பிரித்து வைக்க ஒரு கட்டம் உண்டு. மு. குமரன் என்பவர் தன் அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட வேண்டியிருப்பதும், பாதி இடங்களில் அவரை ‘திரு. முத்து’ என்று அப்பா பெயரால் அழைப்பதும் அங்கிருந்து வருகிற தொல்லைதான். கட்டம் முதலில், ஆள் அப்புறம் என்று யோசித்தால் இப்படித்தான் ஆகும்.

கேப்பர் அஜெண்டாவை மறக்கவில்லை. 2002ல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு திறமூல அறக்கட்டளை தொடங்கி ‘சாண்ட்லர்’ என்ற மென்பொருளைச் செய்ய முனைந்தார். ஒரு வரி குறிப்பாகப் பிறக்கும். தேவைப்பட்டால் அதற்கு வேலை என்ற முத்திரை, நிகழ்ச்சி என்ற முத்திரை, மெயில் என்ற முத்திரை குத்திக்கொள்ளலாம். அஜெண்டாவின் அதே ஆசை. ஆனால் முதல் முழுப் பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. அதற்குள் ஜிமெயிலும் கூகுள் காலண்டரும் எல்லோர் வீட்டிலும் புகுந்துவிட்டன. வேடிக்கை பாருங்கள், ஒரு மெயிலுக்குப் பல லேபிள்கள் ஒட்டும் ஜிமெயிலின் முறை அஜெண்டாவின் வகைகளுக்குப் பக்கத்து வீடு.

இந்த வழியில் யோசிக்கும் ஒன்று இப்போது வேண்டுமென்றால் ஆர்க்-மோடைப் பாருங்கள். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003ல் ஈமாக்ஸ் என்ற உரை எழுதும் மென்பொருளுக்காக எழுதத் தொடங்கியது. வரியாக எழுதலாம், எத்தனை குறிச்சொல்லும் ஒட்டலாம், தேதி போட்ட வரிகளையெல்லாம் அது தானே திரட்டிக் காட்டும். அந்தப் பார்வைக்குப் பெயரே அஜெண்டாதான். எல்லாம் வெறும் உரைக்கோப்பு என்பதால் மென்பொருள் நின்றுபோனாலும் எழுதியது கையில் இருக்கும். எக்கோ வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லாமல் போனது.

பழையதையே தொட்டுப் பார்க்க ஆசையென்றால், லோட்டஸ் பின்னாளில் அஜெண்டாவை இலவசமாக விட்டுவிட்டது, பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓடும். நான் இன்றும் அவ்வப்போது திறக்கிறேன். திறந்ததும் வகையெல்லாம் செய்யப் போகாதீர்கள். அன்றைக்கு மனதில் கிடக்கும் இருபது முப்பது விஷயங்களை வந்த வரிசையில் தட்டிவிட்டு, அப்படியே மூடிவிட்டு, மறுநாள் போய்ப் பாருங்கள்.